எட்டு நாளாகப் பதற்றத்துக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை. படபடப்பு கூடித்தான் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 34 வயது, பாளையங்கோட்டை. ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது, மூச்சு உள்ளே இறங்கவே இல்லை, பிள்ளைகள் முன்னால் விழுந்து செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி, எக்கோ, ரத்த டெஸ்ட், தைராய்டு எல்லாம் நார்மல். கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துப் பேருந்தில் அதே மாதிரி வந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் போகிற வழியில் ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டிகள் நெருக்கி நின்றுவிட்டன, இறங்கவும் முடியாது, அந்த இருபது நிமிடத்தை என்னால் சொல்லி விளங்கவைக்க முடியாது. அதிலிருந்து பேருந்தில் ஏறவில்லை. வீட்டுக்காரர்தான் தினமும் வண்டியில் கொண்டுவிடுகிறார்.

நாலாவது முறை வந்தபிறகு மனநல மருத்துவரிடம் போனோம். பேனிக் டிஸார்டர், அதாவது திடீர் திடீரென்று பீதி அலை வருகிற நோய் என்று சொன்னார். காலையில் எஸ்சிடலோபிராம் 5 மி.கி., ஒரு வாரம் கழித்து 10 மி.கி., ராத்திரி குளோனசெபாம் 0.25 மி.கி. இரண்டு வாரத்துக்கு மட்டும். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் வெளியே கூட்டம், எனக்கும் அழுகையாக வந்தது, கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்கவில்லை.

இன்று எட்டாவது நாள். நேற்றுதான் 10 ஆக்கினேன். குமட்டல் இருக்கிறது, கொட்டாவி கொட்டாவியாக வருகிறது, விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, உள்ளுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு பரபரப்பு. சொல்லப்போனால் மாத்திரை எடுப்பதற்கு முன்னால் இருந்ததைவிட மோசம். அத்தை ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா இதே மாதிரி மாத்திரை ஆரம்பித்து இன்றைக்குப் பதினோரு வருடமாக விட முடியாமல் கிடக்கிறாராம். நான் இணையத்தில் தேடினால் தற்கொலை எண்ணம் வரும் என்று போட்டிருக்கிறது, அதைப் படித்த ராத்திரி சுத்தமாகத் தூங்கவில்லை.

நிறுத்திவிடலாமா? இது வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளுமா? யாராவது எடுத்து, குணமாகி, விட்டவர்கள் இருக்கிறீர்களா? அடுத்த முறை டாக்டரைப் பார்க்க இன்னும் 13 நாள் இருக்கிறது.

மஞ்சள்காடு எழுதியது:

சகோதரி, நான் எடுத்தேன், சரியானேன், விட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நிலைமையில் நான் ராத்திரி இரண்டு மணிக்கு இணையத்தில் தேடியதே அந்த ஒரு வரியைத்தான்.

ஈரோடு பக்கம் சொந்தமாக ஒரு சின்னத் தறிப்பட்டறை. ஆறு வருடம் முன்னால் எனக்கும் இதே எஸ்சிடலோபிராம்தான். உங்களுக்கு வருகிற மாதிரி அலையாக வந்து போகிறது இல்லை எனக்கு, காலை எழுந்ததிலிருந்து படுக்கிறவரை ஏதாவது ஒன்றை நினைத்து வயிறு கலங்கிக்கொண்டே இருக்கும், அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். மருந்து ஒன்றுதான். நீங்கள் எழுதிய கொட்டாவி வரைக்கும் எனக்கு அப்படியே வந்தது. முதல் பத்து நாள் நரகம். சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிப்பு, உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். என் சம்சாரம்தான் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள், இது போய்விடும், இரண்டு வாரம் பொறுங்கள் என்றார்கள். போனது. ஆனால் நல்லானது என்று ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல முடியாது. நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, நூல் எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போதுதான் உறைத்தது, வழியில் இருக்கிற ஆஸ்பத்திரியை நான் கவனிக்காமலே தாண்டி வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டடத்தைப் பார்த்து, ஏதாவது ஆனால் இங்கே எத்தனை நிமிடத்தில் வரலாம் என்று கணக்குப் போடாமல் தாண்டியதே இல்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஐந்தாவது மாதம் முழுக்க நன்றாக இருந்தேன், சரி, இனி எதற்கு மாத்திரை என்று ஒரு திங்கட்கிழமை நானாகவே நிறுத்திவிட்டேன். மூன்றாவது நாள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் தட்டுகிற மாதிரி ஒரு சொடுக்கு, ஒரு நொடிதான், ஆனால் நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை. தலை சுற்றல், காரணமே இல்லாமல் எரிச்சல், அழுகை. நோய் திரும்பிவிட்டது, அப்படியானால் நான் ஆயுளுக்கும் இந்த மாத்திரைக்கு அடிமைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்றால், நோய் திரும்புவது வாரக்கணக்கில், மெல்ல வரும், மருந்தைப் பட்டென்று நிறுத்தினால் வருகிற தொந்தரவு இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும், அதில் இந்தத் தலைச் சொடுக்கு மாதிரி முன்னால் நோயில் இல்லாத புது அறிகுறிகள் இருக்கும் என்றார். இந்த வித்தியாசத்தை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதக் கஷ்டம் மிச்சமாகியிருக்கும்.

மறுபடி ஆரம்பித்து, மொத்தம் 14 மாதம் எடுத்து, பிறகு அவர் சொன்னபடி 10-லிருந்து 5, 5-லிருந்து 2.5 என்று மூன்று மாதத்துக்கு மேல் இழுத்து விட்டேன். கடைசி இரண்டரையை விடுவதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, அங்கேதான் நிறைய நாள் நின்றேன். விட்டு நாலு வருடம் ஆகிறது.

இன்னொன்று. ஆண் பெண் யாரும் வெளியே சொல்லத் தயங்குவது. தாம்பத்திய விருப்பம் குறையும், உச்சம் தாமதமாகும் அல்லது வராது. எனக்கு இருந்தது, மருந்தை விட்டபிறகு சரியானது. எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று மாதக்கணக்கில் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன், டாக்டரிடம் சொன்னபோது அவர் இதைத் தினமும் கேட்கிற மாதிரி எடுத்துக்கொண்டார். வந்தால் சொல்லிவிடுங்கள், டோஸை மாற்றலாம், வேறு மருந்து பார்க்கலாம், வழி இருக்கிறது.

காலைநடை எழுதியது:

மாத்திரை எல்லாம் எதற்குங்க, தினமும் அரைமணி நேரம் நடை, மூச்சுப் பயிற்சி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனைத் தொடாமல் இருந்தால் போதும். காபியை நிறுத்துங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

மெடிக்கல்_அண்ணன் எழுதியது:

காலைநடை சொன்னதில் காபி விஷயம் உண்மை, நடையும் உண்மை, மாத்திரை எடுப்பவர்களும் அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் மூன்று மாதமாகப் பேருந்தில் ஏற முடியாமல், நாலு தடவை செத்துப்பிழைத்த மாதிரி ஆகியிருக்கிற ஒருவரிடம் நடந்தால் போதும் என்று சொல்வது சரியாகப் படவில்லை எனக்கு. லேசான பதற்றத்துக்கு அது போதும். இது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

நான் டி.பார்ம் படித்து 19 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, ஆனால் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். தங்கச்சி, உங்களுக்குக் கொடுத்திருப்பது இரண்டு மாத்திரை, இரண்டும் இரண்டு ஜாதி. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் அத்தையின் பயத்துக்கும் பதில் கிடைத்துவிடும்.

எஸ்சிடலோபிராம் மெதுவானது. செர்ட்ராலின், பராக்ஸடின், ஃபுளூவாக்ஸடின் எல்லாம் அதன் குடும்பம். இன்று போட்டால் இன்று ஒன்றும் செய்யாது, தினமும் போட்டுப் போட்டு வாரக்கணக்கில்தான் வேலை செய்யும். அதனாலேயே இதைக் கேட்டு ஏங்கி யாரும் கடைக்கு வருவதில்லை. டோஸைத் தானாக ஏற்றிக்கொண்டு போகிறவரையும் நான் பார்த்ததில்லை. பட்டென்று நிறுத்தினால் மஞ்சள்காடு சொன்ன தொந்தரவு வரும், படிப்படியாகக் குறைத்தால் விட்டுவிடலாம்.

குளோனசெபாம் வேகமானது. அல்பிரசோலம், டயசெபாம், லோரசெபாம் எல்லாம் இந்தக் குடும்பம், எட்டிசோலமும் கிட்டத்தட்ட இதே இனம். போட்ட அரைமணி, ஒரு மணி நேரத்தில் நெஞ்சு அடங்கும். அந்த உடனடி நிம்மதிதான் அதன் பலம், அதேதான் ஆபத்தும். சில வாரம் தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிவிடும், அதே அளவு பத்தாமல் போகும், இல்லாவிட்டால் முன்னைவிடப் பதறும். உங்கள் தெருப் பெரியம்மா பதினோரு வருடமாக எடுப்பது என்ன மாத்திரை என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது அது அல்பிரசோலமாகவோ குளோனசெபாமாகவோதான் இருக்கும், நீங்கள் பயந்து நிறுத்தப்போகிற எஸ்சிடலோபிராமாக இருக்காது.

இந்தக் குடும்பத்தில் அல்பிரசோலம், டயசெபாம் உள்ளிட்ட சிலவற்றை 2013-ல் எச்1 என்ற கட்டுப்பாட்டு அட்டவணையில் சேர்த்து, 2014 மார்ச் முதல் நடைமுறை. சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, யார் எழுதினார், யாருக்கு, எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கும். அப்படி இருந்தும் ஐந்து வருடப் பழைய சீட்டை லேமினேட் போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை, யாரோ ஒருவர் ஆரம்பித்து வைத்துவிட்டு எப்போது நிறுத்துவது என்று சொல்லாமல் விட்டதன் விளைவு அது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக, எஸ்சிடலோபிராம் 10, குளோனசெபாம் 0.5 என்று ஏகப்பட்ட கம்பெனிகள் விற்கின்றன, பெயருக்குப் பின்னால் பிளஸ் என்றோ வேறு ஏதோ ஒட்டியோ வரும். வருகிற சீட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஒரு மாத்திரை போட்டால் போதும் என்று வாங்குபவருக்கு வசதி. ஆனால் மெதுவானதை ஒரு வருடம் தொடரவேண்டும், வேகமானதைச் சில வாரத்தில் நிறுத்த வேண்டும் என்றால் ஒரே மாத்திரைக்குள் இருப்பதை எப்படிப் பிரிப்பது? ஒரு வருடம் எஸ்சிடலோபிராம் எடுப்பவர் தனக்கே தெரியாமல் ஒரு வருடம் குளோனசெபாமும் எடுத்திருப்பார். ஒரு நாள் அட்டை தீர்ந்துபோய் இரண்டும் ஒரேயடியாக நின்றால், எது நின்றதால் உடம்பு நடுங்குகிறது என்று அவருக்கும் தெரியாது. உங்கள் டாக்டர் தனித்தனியாக எழுதி, இரண்டு வாரம் என்று கெடுவும் வைத்திருக்கிறார். அவர் விவரமான ஆள். கடையில் ஸ்டாக் இல்லை, இது ரெண்டும் சேர்ந்தது, ஒன்றேதான் என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கையோடு சில எச்சரிக்கை. எஸ்சிடலோபிராம் எடுக்கும்போது மூட்டுவலி, தலைவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் எல்லாம் கேட்காமல் போடாதீர்கள், வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும், பாராசிட்டமால் பரவாயில்லை. டிரமடால் வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் உள்ள இருமல் மருந்து இரண்டுக்கும் முன்னால் கேளுங்கள். மூலிகைதானே என்று ஆன்லைனில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் வாங்கிச் சேர்த்துக்கொள்ளவே கூடாது. குளோனசெபாம் எடுக்கும் நாட்களில் மது அறவே கூடாது, இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும், இதை வீட்டில் ஆண்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வடக்குவாசல் எழுதியது:

அந்தப் பெரியம்மா கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா அப்படி ஒரு பெரியம்மாதான்.

அப்பா தவறியபிறகு அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு. அப்போது பார்த்த ஒரு டாக்டர் அல்பிரசோலம் 0.5 எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு ஒன்பது வருடம். யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை, மாதாமாதம் பிரஷர் மாத்திரையோடு அதையும் வாங்கிப் போட்டோம். போன வருடம் என் தம்பி வீட்டுக்கு ஓசூர் போனபோது மாத்திரைப் பையை மறந்துவிட்டுப் போய்விட்டார். தூக்க மாத்திரைதானே, நாலு நாள் இல்லாவிட்டால் என்ன என்று தம்பியும் பிரஷர் மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். இரண்டாம் நாள் ராத்திரி கை நடுக்கம், வியர்வை, சுவரில் ஏதோ ஊர்கிறது என்றார். மூன்றாம் நாள் வலிப்பு. 66 வயதில் முதல் வலிப்பு. மூளை ஸ்கேன் எல்லாம் எடுத்து ஒன்றும் இல்லாமல், கடைசியில் ஒரு இளம் டாக்டர்தான் வீட்டில் என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடித்தார்.

அதன்பிறகு டயசெபாமுக்கு மாற்றி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை துளித்துளியாகக் குறைத்து, எட்டு மாதம் ஆனது. இப்போது இல்லை. குறைக்கும்போது சில வாரம் அம்மா என்னோடு சண்டை போட்டார், சில வாரம் அழுதார். எனக்கு அம்மாவை நினைத்துக் கோபமே வரவில்லை, அந்த ஒன்பது வருடமும் ஞாபக மறதி, வயசாகிறது என்று நாங்கள் நினைத்தது பாதி அந்த மாத்திரை செய்த வேலை என்று தெரிந்தபோதுதான் வயிறு எரிந்தது. இரண்டு முறை பாத்ரூமில் விழுந்தார், அதையும் வயசுக் கணக்கில்தான் எழுதினோம்.

அம்மா விஷயத்துக்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து லிப்ரியம், 1960-ல் விற்பனைக்கு வந்தது, ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. 1963-ல் வேலியம் வந்தது, அதுதான் டயசெபாம். அதற்கு முன்னால் இருந்த பார்பிட்யூரேட் மாத்திரைகள் கொஞ்சம் கூடினால் ஆளையே கொன்றுவிடும், அதோடு ஒப்பிட்டால் இது பெரிய பாதுகாப்புதான். உலகம் முழுக்க அள்ளி அள்ளி எழுதினார்கள். பழக்கமாகும் என்பதை ஒப்புக்கொள்ளப் பல வருடம் ஆனது. 2020-ல் கூட அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மாத்திரைகளின் எச்சரிக்கைப் பெட்டியைத் திருத்தி, அடிமையாதல், உடல் பழகிப்போதல், நிறுத்தினால் வரும் ஆபத்து மூன்றையும் சேர்க்கச் சொன்னது. அறுபது வருடம் கழித்து!

பொருநைக்கரை, உங்கள் அத்தை கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். அவரைத் தப்பு என்று ஒதுக்காதீர்கள். மருந்துக்கடை அண்ணன் சொன்ன மாதிரி பெரியம்மாவின் அட்டையையும் உங்கள் எஸ்சிடலோபிராம் அட்டையையும் அவர் முன்னால் வைத்து, இது வேறு, அது வேறு என்று காட்டுங்கள். என் அம்மா மாதிரி ஏற்கெனவே வருடக்கணக்கில் எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அது ஆரம்பித்ததைவிடப் பெரிய ஆபத்து. டாக்டரிடம் போய்க் குறைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஓபி_பத்துமணி எழுதியது:

நான் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் டோஸ் சொல்ல மாட்டேன், ஆனால் 13 நாள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை அந்த கிளினிக்குக்கு போன் செய்து, 10 ஆக்கியதும் பரபரப்பு அதிகமாகிறது என்று சொல்லுங்கள். அனேகமாக இன்னும் ஒரு வாரம் 5-லேயே இருக்கச் சொல்வார். பேனிக் உள்ளவர்களுக்கு நாங்கள் பாதி அளவில் தொடங்குவதே இதனால்தான், நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தாலே அபாய மணி அடிக்கிற உடம்பு அது, மருந்தின் ஆரம்பப் பரபரப்பும் அதற்குப் பேனிக் மாதிரியே தெரியும். குமட்டலுக்குக் காரணம் எளிது, இந்த மருந்து வேலை செய்வது செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மேல், உடம்பில் உள்ள செரட்டோனினில் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கும். பலன் தெரிய ஆரம்பிக்க 2 முதல் 4 வாரம், இந்த மருந்து உங்களுக்குப் போதுமா போதாதா என்று முடிவு சொல்ல சரியான அளவில் 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12 வாரம் கூட. எட்டாவது நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நீங்கள் படித்துப் பயந்த எச்சரிக்கை உண்மையானதுதான், ஆனால் முழுசாகப் படிக்க வேண்டும். எஃப்.டி.ஏ. 2004-ல் குழந்தைகள், பதின்பருவத்தினருக்காக அதைக் கொண்டுவந்தது, 2007-ல் 24 வயது வரை நீட்டியது. 25 வயதுக்கு மேல் அந்த ஆபத்து கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை, 65-க்கு மேல் குறைந்தே இருந்தது. உங்களுக்கு 34. ஆனாலும் எந்த வயதாக இருந்தாலும், முதல் வாரங்களில் உட்காரவே முடியாத அளவு தவிப்போ, சாகலாம் என்ற எண்ணமோ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

மருந்துக்கடை நண்பர் சொன்னதில் சேர்ந்த மாத்திரை பற்றிய பகுதியை நான் முழுக்க ஆமோதிக்கிறேன். குளோனசெபாம் விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் பேனிக் டிஸார்டருக்கு இந்த வகையை எழுதவே வேண்டாம் என்கிறது. நாங்கள் இங்கே பல நேரம் எழுதுகிறோம், ஏனென்றால் மெதுவான மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்குள் ஆள் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவிடுகிறார். அந்த இடைவெளிக்கு ஒரு ஊன்றுகோல் மாதிரி, இரண்டு வாரம், மிஞ்சினால் நாலு வாரம். எழுதும்போதே நிறுத்தும் தேதியையும் எழுதாத டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அப்புறம், அந்த மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். போடாவிட்டாலும் பரவாயில்லை, பையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வெளியே போகிறேன் என்று பலர் சொல்வார்கள். அப்படியானால் பாலத்தைக் கடந்தது நீங்கள் இல்லை, மாத்திரை என்று உங்கள் மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்.

அதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மருந்து அபாய மணியின் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் பேருந்தில் அது உங்களை ஏற்றிவிடாது. சிபிடி என்கிற, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சை பேனிக்குக்கு மருந்துக்குச் சமமாக வேலை செய்கிறது, விட்டபிறகும் அதன் பலன் நிற்கிறது. அது தெரிந்த சைக்காலஜிஸ்ட் கிடைத்தால் சேருங்கள். நாங்கள் சிலரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, வேண்டுமென்றே நெஞ்சை அடிக்க வைத்து, அப்படியே உட்கார்ந்து பார்க்கச் சொல்வோம். நெஞ்சு அடிக்கும், உச்சத்துக்குப் போகும், தானாக இறங்கும். அதை உடம்பு நாலைந்து தடவை பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு நாள் என்றால், நன்றாக ஆன தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம், பிறகு குறைத்து விடலாம். இது ஒத்துவராவிட்டாலும் கதை முடிந்துவிடாது. செர்ட்ராலின் இருக்கிறது, வென்லாஃபாக்சின் இருக்கிறது, மஞ்சள்காடு மாதிரி நாள் முழுக்கக் கவலையாக இருப்பவர்களுக்கு புஸ்பிரோன், பிரகாபாலின் என்று வேறு வழிகளும் உண்டு. மேடைப் பயம், இன்டர்வியூ நடுக்கத்துக்கு புரோபிரனோலால் கொடுப்போம், அது இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும், பயத்தின் வேரைத் தொடாது, ஆஸ்துமா உள்ளவர் தொடவே கூடாது. உறவினர் கொடுத்தார் என்று அதை வாங்கிப் போடாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிருந்தால் அல்லது நாள் தள்ளிப்போனால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இப்போதைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் போன் செய்தேன். நர்ஸ்தான் எடுத்தார், டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். இன்னும் பத்து நாள் 5-லேயே இருக்கச் சொன்னார்கள், குளோனசெபாமை அதே தேதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு கேட்டாலும் தரமாட்டோம் என்றும் சொன்னார்கள். முன்னாடியாக இருந்தால் அது எனக்குக் கடுமையாகப் பட்டிருக்கும்.

அத்தையைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார், அல்பிரசோலம்தான். என் அட்டையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அத்தை இரண்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, பெரியம்மாவைப் பார்த்து, உன் மகனை வரச்சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றார்கள். நாளைக்கே நிறுத்திவிடக்கூடாது, குறைக்கத்தான் வேண்டும் என்று வடக்குவாசல் எழுதியதை நான் இரண்டு முறை வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன்.

பொருநைக்கரை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

யாராவது பிற்பாடு தேடி வந்து படிப்பார்கள் என்று எழுதுகிறேன். குமட்டல் பன்னிரண்டாம் நாள் வாக்கில் நின்றது. கொட்டாவி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. குளோனசெபாமை நிறுத்திய முதல் இரண்டு ராத்திரி தூக்கம் சரியில்லை, பிறகு பரவாயில்லை. இப்போது எஸ்சிடலோபிராம் 10-ல் மூன்று வாரமாக இருக்கிறேன். ஒருமுறை வகுப்பில் அந்த அலை வந்தது, போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிள்ளைகளிடம் ஒரு கணக்கைப் போடச் சொல்லிவிட்டு அது இறங்கும்வரை நின்றேன், அவர்கள் போட்டு முடிப்பதற்குள் இறங்கிவிட்டது.

ஜங்ஷன்வரை ஓர் ஆசிரியரோடு சேர்ந்து இரண்டு முறை ஆட்டோவில் பாலம் தாண்டினேன். நேற்று மாலை தனியாக வண்ணாரப்பேட்டையில் பேருந்தில் ஏறினேன். பையில் மாத்திரை இல்லை. பாலத்தின் நடுவில் வண்டி நின்றது, நெஞ்சு அடித்தது, கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்தது, ஆற்றில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பியது. ஜங்ஷனில் இறங்கி வீட்டுக்காரருக்கு போன் செய்து, வர வேண்டாம், திரும்பியும் பேருந்திலேயே வருகிறேன் என்றேன்.

மெடிக்கல்_அண்ணன், ஒரு கேள்வி: பல் பிடுங்க வேண்டும் என்கிறார்கள், வலிக்கு என்ன மாத்திரை எழுதினால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?